பார்த்தவர் பெயர்

ஃபார்மின் கடைசிக் கட்டத்தில் பூதத்தான் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது, மாரிசெல்வி தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னும் ரெண்டு டஜன் சேத்துக்கிடுங்க, பின்னால ஒரு கொத்து வருது" என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு வானம்தான் தெரிந்தது. அப்புறம் செம்பூர்ப் பக்கத்துப் புகைபோக்கி, அதற்கும் அப்புறம் ஒரு அழுக்கு வெளிச்சம். பிறகுதான், புகைபோக்கியின் இடுப்பை உரசுகிற மாதிரி, நீட்டிய கழுத்தும் நீட்டிய காலுமாக அந்தப் பறவைக் கொத்து வந்தது. அவன் எழுதியிருந்த 288-ஐ ரப்பரால் அழித்துவிட்டு 312 என்று எழுதினான். ரப்பர் தூளை ஊதினான். பெயருக்கு மிச்சமிருந்த நான்கு எழுத்தையும் போட்டு முடித்தான். ஒவ்வொரு எழுத்தையும் அவன் மூட்டையை இறக்கி வைப்பதுபோல, அடுத்தது இதன்மேல் சாயுமோ என்று பார்த்துப் பார்த்துத்தான் வைப்பான்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது காடியின் கரையில். கடல் உள்ளே புகுந்து சேறும் சதுப்புமாகக் கிடக்கிற கழியை மும்பையில் எல்லோரும் காடி என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு பழைய உப்பளம். உப்பு விளைந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதில் சோலார் தகடு பரப்பப் போகிறார்கள். அங்கே எடுக்கிற கரண்டு டவர் டவராக ஏறி, இந்தக் காடியைத் தாண்டி ஊருக்குள் போகும். அதற்கு முன்னால், கட்டினால் என்னவெல்லாம் கெடும் என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அப்படி எழுதிக் கொடுக்கிற கம்பெனியில்தான் ஜெனிஃபர் மேடம் இருந்தாள். முலுண்டில் பிளாட்டில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. காற்றை ஒருவர் அளந்தார், சத்தத்தை ஒருவர் அளந்தார், தண்ணீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டு போனார்கள். பறவைதான் ஜெனிஃபருடைய பொறுப்பு.

தண்ணீர் வடிந்து கிடக்கும்போது பூநாரைகள் சேற்றில் மேயும். தண்ணீர் ஏறினால் மேய இடமில்லாமல் கிளம்பி, உப்பளத்துக்குப் பறந்துவந்து ஒற்றைக் காலில் நிற்கும். எத்தனை கிளம்புகின்றன, எந்த உயரத்தில் கடக்கின்றன என்பதுதான் ஃபார்ம். கம்பி வரப்போகும் உயரம் எது என்று கண்டுகொள்ள, ஜெனிஃபர் எதிரே நின்ற புகைபோக்கியைக் காட்டியிருந்தாள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புகைபோக்கி. கீழேயிருந்து இரண்டாவது சிவப்புப் பட்டைதான் கம்பி. பட்டைக்குக் கீழே, பட்டையில், பட்டைக்கு மேலே என்று மூன்று கட்டம். பென்சிலில்தான் எழுத வேண்டும், ஈரம் பட்டாலும் கரையாது. ஃபார்மின் அடியில் பார்த்தவர் பெயர், இங்கிலீஷ் பெரிய எழுத்தில்.

பெயர் எழுதுகிற வேலை என்பதால்தான் பூதத்தானுக்கு இது கிடைத்தது. தாராவியில் முப்பது வருஷம் ஹமாலாக மூட்டை தூக்கியவன். பழைய பிளாஸ்டிக்கை அள்ளித் திணித்த மூட்டை ஒவ்வொன்றும் ஆள் உயரம் இருக்கும். நடு முதுகில் ஒரு வட்டு நழுவி, இனிமேல் குடத்தைக்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கும் பத்து வருஷம் முன்னாலேயே, நாற்பத்துமூன்றாம் வயதில், அவன் எழுத்துப் படித்திருந்தான். மாட்டுங்காவில் ஒரு சங்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடத்திய வகுப்பு. முதலில் தமிழ், பிறகு இங்கிலீஷ் பெரிய எழுத்து. கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட, கடைசியில் அவனும் டீச்சரும் மட்டும் மிஞ்சினார்கள். பக்கத்து வீட்டு அப்ரார் இந்தக் கம்பெனிக்கு ஜீப் ஓட்டினான். "எழுதத் தெரிஞ்ச ஆளு வேணுமாம் வே. வெயில்ல உக்காரணும், அவ்வளவுதான். நீருதான் எழுதுவீரே" என்று அவன் வந்து கூப்பிட்டபோது, பூதத்தானுக்கு அந்தப் பத்து வருஷமும் ஒரே நாளில் வட்டியோடு திரும்பி வந்தது போலிருந்தது. சந்து முழுக்கக் கேட்கட்டும் என்று, "எத்தனை மணிக்கு வரணும்" என்று உரக்கக் கேட்டான்.

எழுத வந்தது. எண்ண வரவில்லை. அதை அவன் எதிர்பார்க்கவில்லை. ஜெனிஃபர் லேப்டாப்பில் பறவைக் கூட்டத்தின் படத்தைக் காட்டி, ஐந்து வரை எண்ணுகிற நேரத்தில் மூடிவிட்டு, எத்தனை என்று கேட்பாள். மற்ற இரண்டு கரையில் உட்காரும் பையன்கள் முந்நூறு, ஐந்நூறு என்று தோராயமாகச் சொல்லி ஓரளவு பக்கத்தில் வந்துவிட்டார்கள். பூதத்தான் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து முப்பதைத் தொடுவதற்குள் படம் போய்விடும். வாழ்நாளெல்லாம் அவன் எண்ணியது மூட்டையை. ஒவ்வொன்றும் தோளில் இறங்கும்போது மனசில் ஒரு எண் விழும். தோளில் படாததை எண்ண அவனுக்குத் தெரியவில்லை. பறவையோ கனமில்லாமல் வந்து கனமில்லாமல் போனது. "பழகிடும் அங்கிள்" என்றாள் ஜெனிஃபர்.

இரண்டாம் வாரத்தில், பயிற்சி முடிந்து ஃபார்ம் எழுதத் தொடங்கிய முதல் நாளே, இடுப்புப் பெல்ட்டை வீட்டில் மறந்துவிட்டான். மனைவி மாரிசெல்வி அதையும் சோற்று டப்பாவையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத் தண்ணீர் ஏறி, சேற்றில் நின்ற கூட்டம் அப்படியே எழுந்தது. அவன் கையில் பெல்ட், வாயில் பதினேழு, பதினெட்டு. அவள் சும்மா நின்று பார்த்தாள். எல்லாம் போய் முடிந்ததும், "மூணு குரோஸ் இருக்கும்" என்றாள்.

அவன் சிரித்தான். "ஏளா, இது என்ன பட்டனா?"

"எண்ணுறதுக்கு எதுவா இருந்தா என்ன" என்றாள் அவள்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் ஜெயினுலாப்தீன் பாயின் பட்டன் பட்டறையில் வேலை பார்க்கிறாள். சாயம் போட்டுக் காய்ந்த பட்டன்களைத் தரையில் கொட்டி, உடைந்ததைப் பொறுக்கி எறிந்து, பையில் அடைக்க வேண்டும். பன்னிரண்டு ஒரு டஜன், பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ். பாய் கேட்பதெல்லாம் குரோஸ் கணக்கில்தான். ஒவ்வொன்றாக எண்ணுகிறவளுக்கு அங்கே வேலை கிடையாது. பன்னிரண்டு பட்டன் மாரிசெல்வியின் கண்ணுக்கு ஒரு பட்டன் மாதிரி. ஒரு டஜனுக்கு வலதுகைக் கட்டைவிரல், விரலின் கணுவில் ஒரு கணு நகரும். நான்கு விரலுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு கணு. அது ஒரு சுற்று முடிந்தால் இடதுகைக் கட்டைவிரல் ஒரு கணு நகரும். பேசிக்கொண்டே செய்வாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டே செய்வாள். ஃபார்மில் எழுத பூதத்தானிடம் வேறு எண் இல்லை. மூன்று குரோஸைப் பெருக்கி 432 என்று எழுதினான். அன்றைக்கு ஜெனிஃபர் தூரத்துக் கரையிலிருந்து கேமராவில் படம் எடுத்திருந்தாள். மறுநாள் வந்து, படத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணினேன், 427 என்றாள். "அங்கிள், ஐஞ்சுதான் வித்தியாசம். என்ன கண்ணு உங்களுக்கு!"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். ஆனால் அவனைப் பார்த்து யாரும் அப்படி முகம் மலர்ந்து பல வருஷமாகிவிட்டது. அந்த மலர்ச்சி இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று சும்மா நின்றான். அந்தக் கொஞ்ச நேரம் மூன்று மாதம் ஆனது.

வாரத்துக்கு மூன்று நாள் எண்ணிக்கை. மூன்று நாளும் அவள் வந்தாள். பட்டறைக்கு அரை நாள் மட்டும் போவதாக பாயிடம் சொல்லிக்கொண்டாள். கம்பெனி ஒரு கரைக்கு ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் கொடுக்கும், அவளுக்கு ஒன்றும் கிடையாது. அவள் அதைக் கேட்கவும் இல்லை. ஜெனிஃபர் வருகிற நாளில் சோற்று டப்பாவோடு வந்த வீட்டுக்காரியாக ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். மற்ற நாளில் முன்னால் வந்து, புடவைத் தலைப்பை முக்காடாக இழுத்து விட்டுக்கொண்டு, காடியைப் பார்ப்பாள். ஒரு சாண் தூரத்துக்கு மேல் எதையும் பார்த்துப் பழகாத கண் அது. இப்போது அது கண்ணுக்கு எட்டிய மட்டும் போய்த் திரும்பி வந்தது. முதல் மாதம் அவள் எண் மட்டும் சொன்னாள். இரண்டாம் மாதம், "எல்லாம் அந்த ரெண்டாவது பட்டையிலதான் போகுது. கம்பி வந்தா மோதும்" என்றாள். மூன்றாம் மாதம், குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது கரண்டியை நிறுத்தி, "ஒண்ணு கால் தொங்கிட்டே பறந்துச்சு இன்னைக்கு, அது என்னத்துக்குங்க?" என்று கேட்டாள்.

அவனுக்கு என்ன தெரியும்? இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவள் முகத்தில் அவன் காணாத ஒரு வெளிச்சம் அந்தக் கரையில் வந்து உட்கார்ந்திருந்தது. அது அவனுக்காக வரவில்லை. அவன் எழுத்துப் படித்துவிட்டு வந்து, முதன்முதலாகப் பஸ்ஸின் போர்டை வாசித்துக் காட்டிய அன்று அந்த வெளிச்சத்தைத் தேடியிருக்கிறான். "சரி, ஏறுங்க, கூட்டமா இருக்கு" என்றாள் அன்றைக்கு. நான்கு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு அவன் சம்பாதித்தது பென்சில் பிடிக்கிற கை. அவளோ ஒன்றும் படிக்காமல், பஸ்ஸில் வந்து இறங்கி, நின்ற நிலையில் எண்ணிவிட்டாள். அதை நினைத்தால் அவனுக்கு நெஞ்சுக்குழியில் மிளகாய் வற்றலை வைத்து அடைத்ததுபோல் இருக்கும். அவள் சொல்கிற எண்ணைத் தன் கையால் எழுதுகிறபோது, தன்னுடைய எழுத்தே அவளுக்கு எடுபிடி வேலை பார்ப்பது போலத் தோன்றும்.

சின்னச் சின்னதாகச் சிலது செய்து பார்த்தான். வெயில் நேரே கண்ணில் அடிக்கிற பக்கம் அவளை உட்காரச் சொன்னான். அவள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு எண்ணினாள். கூட்டம் எழுகிற நேரம் பார்த்து, அரிசி வாங்கினாயா, சிலிண்டருக்குச் சொன்னாயா என்று பேச்சுக் கொடுத்தான். அவள் அதற்கும் பதில் சொன்னாள், கட்டைவிரல் பாட்டுக்கு நகர்ந்தது. ஒருநாள் எண்ணிக்கையே கிடையாது என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாக வந்தான். அன்றைக்கு வந்த கூட்டம் சின்னதா பெரியதா என்றுகூட அவனால் சொல்ல முடியவில்லை. கடைசியில் 288 என்று எழுதி வைத்தான். திரும்பும் வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது. இருநூறு என்றோ முந்நூறு என்றோ எழுதியிருக்கலாம். இரண்டு குரோஸ். பொய் எழுதும்போதுகூட அவள் கணக்கில்தான் தனக்கு வருகிறது.

அப்ரார் ஜீப்பில் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தாலும் அவனுக்கு ஒரு கண் திறந்திருக்கும். "எழுதுறது நீரு. எண்ணுறது யாரு வே?" என்று ஒருநாள் கேட்டான். "போலே, ஜீப்பத் துடை" என்றான் பூதத்தான். அப்ரார் சிரித்துவிட்டுத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான்.

பெயர் விஷயம் நடந்தது மார்ச் மாதத்தில். தண்ணீர் ஏற இன்னும் நேரம் இருந்தது. மாரிசெல்வி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, முந்தின நாள் ஃபார்மை எட்டிப் பார்த்தாள். எது எண், எது உயரம் என்று கேட்டாள். அவன் விரல் வைத்துக் காட்டினான். கடைசிக் கட்டத்தைக் காட்டி, இது என்ன என்றாள்.

"பாத்தவங்க பேரு."

"அப்பம் எம்பேரும் எழுதியிருக்கியளா?"

கேட்டவிதத்தில் சந்தேகம் இல்லை. எழுதியிருப்பான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் கேட்டாள். இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். "எழுதாம?" என்று சொல்லி, தன் பெயரின்மேல் விரலை வைத்தான். "இதுதான்."

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். இங்கிலீஷில் அவன் பெயர் B-O-O-T என்று தொடங்கும், முதல் எழுத்து ரெண்டு தொப்பை வைத்த ஆள் மாதிரி இருக்கும், அடுத்தடுத்து இரண்டு வட்டம். அவள் அந்த வட்டங்களைத் தொடாமல் தொட்டாள். "எம்பேர்ல ரெண்டு பட்டன் இருக்கே" என்றாள். அவன் டப்பாவைத் திறந்து, சோறு உலர்ந்துபோச்சு என்று எரிந்து விழுந்தான். ரேஷன் கடையிலும் பாங்கிலும் கட்டைவிரல் வைக்கிறவள் அவள். அன்றிலிருந்து ஃபார்ம் எழுதும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்தாள். பிறகு ஒருநாள் சேற்றில் குச்சியால் கீறிக்கொண்டிருந்தாள். தொப்பை எழுத்து, இரண்டு பட்டன், பிறகு ஒரு தந்திக் கம்பம். தண்ணீர் ஏறி அதை அழித்ததும் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்து மறுபடி கீறினாள். பூதத்தான் அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டான்.

ஏப்ரல் பிறந்ததும் ஜெனிஃபர் ஒரு சேதி சொன்னாள். இந்த நான்கு மாத ஆய்வு முடிந்தபிறகு, வருஷம் முழுக்கப் பார்க்க ஒரே ஒரு ஆளைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். மாதச் சம்பளம், கழுத்தில் பெயரும் படமும் போட்ட கார்டு. "உங்க ஃபார்ம்தான் அங்கிள் பெஸ்ட். நான் உங்களைத்தான் சொல்லப்போறேன்." பிறகு, காடிக்கு வருகிற பெண்கள் யாராவது இருந்தாலும் நல்லது, தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டாள். மாரிசெல்வி பத்தடி தள்ளி டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். "அப்படி யாரும் இல்ல மேடம்" என்றான் அவன். முதுகு போன ஹமாலுக்கு இந்த ஊரில் வேறு வேலை ஏது? கார்டு இல்லையென்றால் அவன் வீட்டில் உட்கார வேண்டியதுதான், பட்டன் எண்ணுகிறவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு. இதை அவன் தனக்கே பலமுறை சொல்லிக்கொண்டான். அது நிஜமும்தான். ஆனால் கண்ணை மூடினால் அவனுக்குத் தெரிந்தது சோறு இல்லை. அவள் கழுத்தில் அந்தக் கார்டு தொங்குவதுதான்.

பத்து நாள் கழித்து ஜெனிஃபர் போன் செய்தாள். குரல் வேறு மாதிரி இருந்தது. ஆபீசில் கணக்குப் பார்க்கிறவர் எல்லா ஃபார்மையும் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். மற்றவர்களின் எண் எல்லாம் ஐம்பது, நூறு, இருநூறு என்று இருக்கிறது, எல்லோரும் அப்படித்தான் தோராயம் போடுவார்கள். பூதத்தானுடைய நாற்பத்தியொரு ஃபார்மிலும் ஒரு எண்கூட விடாமல் பன்னிரண்டால் வகுபடுகிறது. பறவை அப்படிப் பறக்காது, இது வீட்டில் உட்கார்ந்து எழுதியது என்கிறார் அவர். "படம் எடுத்து நான் செக் பண்ணது ரெண்டே நாள்தான் அங்கிள். அதை வெச்சு என்னால சண்டை போட முடியல. இது நிக்கலைன்னா உங்க ஃபார்ம் மொத்தத்தையும் எடுத்துடுவாங்க. உங்க கரையிலதான் அந்த ஹைட்ல கிராஸ் பண்ணுது. அது இல்லாம ரிப்போர்ட் போனா, கரண்டு லைன், மேப்ல போட்டிருக்க மாதிரியே நேரா போயிடும்." அவன் டஜன் கணக்கு சுலபம் என்று ஏதோ சொன்னான். சரி, வெள்ளிக்கிழமை நானே வருகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து எண்ணலாம் என்றாள் அவள்.

அவன் மாரிசெல்வியிடம் ஃபார்மைத் தூக்கிப் போடப் போகிறார்கள் என்பதை மட்டும் சொன்னான். அவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்பம் கம்பி அங்கனயே வந்துருமா?" என்றாள். சற்று நேரம் கழித்து, "எம்பேரும்லா போயிரும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் தண்ணீர் ஏறியது. ஜெனிஃபர் கரையின் விளிம்பில், பூதத்தானுக்கு வலப்பக்கம், கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார இடம் போதாமல் மாரிசெல்வி ஜீப்பின் நிழலுக்குப் போய்விட்டாள். அப்ரார் இறங்கி அவளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான், அன்றைக்குப் படுக்கவில்லை. தண்ணீர் சேற்றின் விரிசல்களில் முதலில் வந்து, பிறகு விரிசல்களை மூடிக்கொண்டு வந்தது. பூநாரைகள் தலையைத் தூக்கின. முன்வரிசை இரண்டடி ஓடி, எழுந்தது. பின்னால் மொத்தக் கூட்டமும், சிறகின் உள்பக்கச் சிவப்பைத் திறந்துகொண்டு எழுந்தது.

பூதத்தான் எண்ணினான். இந்த முறை உண்மையாகவே எண்ணினான். ஒவ்வொரு பறவையும் தோளில் இறங்குவதாக நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினான். நாற்பது. ஐம்பத்தொன்று. பழைய முதுகு நிஜமாகவே வலித்தது. எழுபத்துமூன்றில் இருந்தபோது கடைசிப் பறவை அவர்கள் தலைக்குமேல் போய்விட்டது. கேமரா டிக் டிக்கென்று அடித்து ஓய்ந்தது.

"சொல்லுங்க அங்கிள். எத்தனை?"

யோசிப்பவன்போலத் திரும்பினான். ஜீப்பின் நிழலில் மாரிசெல்வி எழுந்து நின்றிருந்தாள். ஜெனிஃபர் பார்க்காதபடி, இடுப்போரமாக இரண்டு கையையும் அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். இடது கையில் மூன்று விரல், வலது கையில் ஐந்து. மூன்று குரோஸ், ஐந்து டஜன். மூன்று மாதமாகப் பெருக்கிப் பழகிய தலை தானாகவே போட்டது, நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு. நாளைக்குப் படத்தில் புள்ளி வைத்து எண்ணினால் அதற்கு நாலோ ஐந்தோ கூடக்குறைய வரும். கார்டு வரும். அவள் புருவத்தைத் தூக்கி, தெரிகிறதா என்று கேட்டாள். பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொடுக்கிற தாய் மாதிரி, முகம் முழுக்கக் கவலை. அதில் ஒரு துளி ஏளனம் இருந்திருந்தால் அவன் அந்த எண்ணை வாங்கிக்கொண்டிருப்பான். இல்லவே இல்லை. இத்தனை நாளும் போட்ட மாதிரியே, இதையும் அவன் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது மேடம்" என்றான் பூதத்தான். "அவகிட்டக் கேளுங்க. எல்லாத்தையும் எண்ணினது அவதான்."

நிஜத்தைச் சொல்கிற குரலாக அது வரவில்லை. யாரோ செய்த குற்றத்தைக் காட்டிக்கொடுக்கிற குரலாகத்தான் வந்தது. ஜெனிஃபர் அவனைப் பார்த்தாள், பிறகு திரும்பி அவளைப் பார்த்தாள். அப்ரார் தரையைப் பார்த்தான். மாரிசெல்வி கையை மடக்கிக்கொண்டு, ஏதோ தப்பாகிவிட்டது என்ற நடையில் பக்கத்தில் வந்தாள். ஜெனிஃபர் கேட்கக் கேட்க, குரோஸையும் டஜனையும் கணுவையும் பட்டறையையும் சொன்னாள். கட்டைவிரலை ஓட்டிக் காட்டினாள். ஜெனிஃபர் தன் கையிலும் அதைச் செய்து பார்த்து, பன்னிரண்டாவது கணுவில் நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, இது நான் எழுதிடுறேன், எப்படி எண்ணினீங்கன்னு. அப்போ ஃபார்ம் நிக்கும்" என்றாள் பிறகு. "ஆனா எல்லா ஃபார்ம்லயும் உங்க பேரு வரணும். பார்த்தது நீங்கதானே."

"எம்பேருதான் எல்லாத்துலயும் இருக்கே மேடம்" என்றாள் மாரிசெல்வி. புருஷனுக்காகப் பரிந்து பேசுகிற அவசரம் அந்தக் குரலில். "இவுக ஒருநாளும் விட்டதில்லையே. நாந்தான் பக்கத்துல உக்காந்து பாப்பேனே. இப்பம் எனக்கே எழுத வரும், பாக்கியளா?"

அவன் மடியிலிருந்த அட்டையை அவளே எடுத்துக்கொண்டாள். பூதத்தான் பென்சிலை விடவில்லை. அவள் லேசாக இழுத்தாள், அது வந்துவிட்டது. மண்ணில் முழங்காலிட்டு, அட்டையை ஒரு கல்லின்மேல் வைத்து, கடைசிக் கட்டத்தை விரலால் ஒருமுறை தடவிச் சுத்தம் செய்தாள். ஜெனிஃபர் அவள் தோளுக்குமேல் குனிந்தாள். உப்பளத்தில் பறவைகள் இறங்கி, ஒவ்வொன்றாகக் காலை மடக்கிக்கொண்டிருந்தன. மாரிசெல்வி முதலில் அந்தத் தொப்பை எழுத்தைப் போட்டாள். பிறகு, நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, ஒரு வட்டம். அது சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பக்கத்திலேயே, அதே அளவில், ஒன்றோடொன்று இடிக்காமல், இன்னொரு வட்டம்.